பாய்க்கு அடியில் இருந்த சட்டை

ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். இருங்காட்டுக்கோட்டையில் நான் ட்ரெய்னியாக இருந்த கம்பெனியில் ஆடை முக்கால், ஆள் கால். அந்தக் காலும் ஒப்புக்குத்தான்.

கார்களுக்குத் தகடு அடித்துக் கொடுக்கிற கம்பெனி அது. ஒரே பிரஸ் மிஷினில் நான் பகல் ஷிஃப்ட், என்னோடு சேர்ந்த இன்னொரு ட்ரெய்னி இரவு ஷிஃப்ட். நான் செய்யாறு பக்கம், அவன் சங்கரன்கோயில் பக்கம். தங்கியதும் ஒரே அறையில்தான். இருவருக்கும் ஒரே பாய்; நான் எழுந்து போனால் அவன் வந்து படுப்பான். ட்ரெய்னிங் முடியும் நேரம். எங்கள் இருவரில் ஒருவனைத்தான் பெர்மனென்ட் ஆக்குவார்கள், மற்றவன் ஊருக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மிஷினை அறிந்தவன் அவன்தான். சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவான். ஆயில் கசிந்தால் அடியில் மல்லாந்து படுத்துக் கையை விடுவான். நான் மேலாகத் துடைத்துவிட்டு, மிச்சத்தை ராத்திரிக்கு அவன் தலையில் கட்டிவிடுவேன். அதனால் அவனுடைய இரண்டு செட் யூனிஃபார்மிலும் ஆயில் கறை. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. என்னுடையது பளிச்சென்று இருக்கும். மேனேஜர் அவனைக் கண்டால் முகம் சுளிப்பார். என்னிடம் நின்று, மிஷின் நன்றாக ஓடுகிறது என்று பாராட்டுவார். நானும் "தேங்க் யூ சார்" என்பேன். வேறென்ன சொல்வதாம்?

எங்களிடம் இஸ்திரிப்பெட்டி கிடையாது. சட்டையையும் பேன்ட்டையும் நீவி மடித்துப் பாய்க்கு அடியில் வைத்துப் படுத்தால் காலையில் மடிப்பு நிற்கும். அந்தப் பக்கம் அறை எடுத்திருந்த பையன்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தோம்.

ஒருநாள் ஃபோர்மேன் எங்களைக் கூப்பிட்டார். அவர் மணிமங்கலத்துக்காரர். "நாளைக்கு பத்து மணிக்கு ஆடிட்டுக்கு வெளிநாட்டுக்காரங்க வராங்கோ. அதுவரைக்கும் லைன் ஓடாது. எவன் சட்டை சுத்தமா கீதோ அவன் மிஷின்கிட்ட நில்லு. இன்னொருத்தன் கண்ணுலயே படக்கூடாது. மேனேஜரும் பாத்துகினு இருப்பார்டா, அடுத்த வாரம் பெர்மனென்ட் லிஸ்ட்டு" என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவன் இரவு ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வந்தான். குளித்துவிட்டுத் துண்டோடு வந்து நின்றான்.

"ஏலே, ஒன் ரெண்டாவது செட்டக் குடு. இன்னிக்கு ஒருநாளு மட்டும். நான் மிஷின்ல நின்னு பதில் சொல்லிக்கிடுதேன்."

"தொவச்சுப் போட்டுட்டேன்டா. இன்னும் ஈரமா கீது" என்றேன்.

பொய். அது பாய்க்கு அடியில் இருந்தது. அவன் அதைப் போட்டுக்கொண்டு நின்றால் என்னை ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்காது என்று எனக்குத் தெரியும். வேறு காரணம் எதுவும் இல்லை.

"செரி, விடு" என்றான். பிறகு எனக்குப் பாடம் எடுத்தான். "ஆயில் சூடு எவ்வளவுன்னு கேப்பாவ. அறுவதத் தாண்டுனா மிஷின நிப்பாட்டிருவோம்னு சொல்லு. ஆயில் கசியாம இருக்க சீல் மாத்துனது போன மாசம். மறந்துராத."

நான் ஷூ லேஸ் கட்டும்போதே பாயில் படுத்துவிட்டான். அப்போதுதான் எனக்குச் சுரீரென்றது. அவனை எழுப்பியா எடுக்க முடியும்? கிளம்பிவிட்டேன்.

அவன் சொன்னதைத்தான் கேட்டார்கள். ஒப்பித்தேன். மேனேஜர் என் தோளில் தட்டி, "ஆளைப் பாத்தாலே தெரியுது, மிஷினை எப்படி வெச்சிருப்பான்னு" என்றார். சந்தோஷம் வரவில்லை. வெட்கமும் வரவில்லை. சம்மணமிட்டு உட்கார்ந்து கால் மரத்துப்போகுமே, உள்ளே அப்படி இருந்தது.

சாயங்காலம் அறைக்குத் திரும்பினேன். பாய் சுருட்டி மூலையில் இருந்தது. என் டிரங்குப் பெட்டிமேல் அந்த இரண்டாவது செட், மடிப்புக் கலையாமல். அவன் ஸ்டவ்வுக்கு முன்னால் குத்த வைத்திருந்தான்.

"சோறு வடிச்சிருக்கேன், சாப்புடு. சீலப் பத்திக் கேட்டாவளா?"

"கேட்டாங்கோ."

"சொன்னியா?"

"சொன்னேன்."

"நல்லது" என்றான்.

கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கலாம். பளாரென்று ஒன்று விட்டிருக்கலாம். படுபாவி, அதைக்கூடச் செய்யவில்லை.

அடுத்த வாரம் லிஸ்டில் என் பெயர் இருந்தது. அன்று மத்தியானமே அவனை ஊருக்கு பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னலோர இடம் கிடைத்ததா என்று கேட்டேன், கிடைத்தது என்றான். அவ்வளவுதான் பேசினோம்.

அந்தச் செட்டை ஒரு வாரமாக நான் தொடவில்லை. லெட்டர் வாங்கக் கூப்பிட்ட காலையில் மற்றது நாறிக்கிடந்தது. வேறு வழியில்லாமல் இதைப் போட்டுக்கொண்டு போனேன். மேனேஜர் லெட்டரைக் கையில் கொடுத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மடிப்பு கத்தி மாதிரி நிக்குதேப்பா. யாரு இஸ்திரி போட்டது?"

"ரூம்மேட் சார்" என்றேன்.