லெமூர் கூண்டருகே ஒரு நீலப்பூச்செடி

என் மாமா மிருகக்காட்சிசாலையில் பலகை எழுதுபவர். இருபத்தாறு வருட வேலை. கோடு போட அளவுகோலைத் தொடமாட்டார். இடக்கண்ணை மூடினால் போதும், கோடு தானாக வரும் என்பார். நல்ல மனிதர்தான், ஆனால் வாயால் சொல்ல வேண்டியதையும் எழுதிவைத்துவிடுவார்.

லெமூர் கூண்டின் முன்னால் நிற்கும் 'அழிந்துவரும் விலங்கு' பலகை அவர் எழுதியது. அதன் இரும்புக் கால் அருகே ஒரு காட்டுச்செடி முளைத்து, மூக்குத்தி அளவில் நீலப்பூக்கள் பூத்திருந்தது. அதன்மேல் பெயிண்ட் சிந்தாமல் பார்த்துக்கொள்வார். அவ்வளவுதான் பழக்கம்.

ஒருநாள் லெமூரைப் பார்க்க வந்த கல்லூரி ஆசிரியை ஒருவர் அதை மறந்து செடியின் முன் மண்டியிட்டுவிட்டார். பதினைந்து வருடமாகத் தேடுகிறாராம். லெமூராவது வேறு காட்சிசாலைகளில் இருக்கிறது, இது எங்கேயும் கண்ணில் படவில்லை என்றாராம். ஒரு மாதத்தில் விதை முற்றும், வந்து எடுத்துக்கொள்கிறேன், அதுவரை காப்பாற்றுங்கள் என்று மாமாவிடம் கேட்டுக்கொண்டு போனார்.

மாமாவுக்குப் புல் வெட்டும் இயந்திரத்தை நினைத்துத்தான் பயம். தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும். ஆனால் ஓர் ஏணியை யார் உடைத்தது என்பதில் இருவருக்கும் ஒரு வருடமாகப் பேச்சில்லை. அதனால் வீட்டில் உட்கார்ந்து பலகை எழுதினார். லெமூருக்குப் போட்ட அதே சிவப்பு: 'அழிந்துவரும் செடி. தொடாதீர்கள்.'

"நம்ம வீட்டுக் கதவு மூணு வருஷமா பெயிண்ட் கேக்குது. அதுவும் அழிஞ்சுகிட்டுதான் வருது," என்றார் அத்தை. மாமா சிரித்துக்கொண்டே இடக்கண்ணை மூடினார்.

இயந்திரம் செடியைச் சுற்றிக்கொண்டு போனது. ஆனால் அதுவரை திரும்பிப் பார்க்காத ஜனம் இப்போது குனிந்து பார்த்தது. படம் எடுத்தார்கள், ஆளுக்கொரு பூ கிள்ளினார்கள். லெமூருக்குக் கம்பிவலை இருந்தது. செடிக்கு, யார் கண்ணிலும் படாமல் இருந்ததுதான் காவல். ஒன்பதாம் நாள் அதை வேரோடு காணோம்.

சொன்னபடி ஆசிரியை காகித உறைகளோடு வந்தார். மாமா குழியைக் காட்டினார்.

"நான்தாம்மா போர்டு வெச்சுக் காட்டிக்கொடுத்துட்டேன்."

ஆசிரியை உறைகளைப் பையில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்த தோட்டக்காரர்தான் வாயைத் திறந்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சுத்தி வலை கட்டியிருப்பேனே, அண்ணே."

இப்போது இருவரும் ஒன்றாகத்தான் டீ குடிக்கிறார்கள். புல் வெட்டும்போது அந்த இரும்புக் காலைச் சுற்றி ஒரு முழம் விட்டுத்தான் தோட்டக்காரர் வெட்டுகிறார். அங்கே புல்தான் வளர்ந்திருக்கிறது.