வேணாம் என்றால் வேணாம்

இன்று எங்கிருந்தோ வந்த கடுகெண்ணெய் வாசத்தில், சின்ன வயதில் நாங்கள் குடியிருந்த, எப்போதோ இடித்துவிட்ட ஹேடோ குவார்ட்டர்ஸ், தகரக் கூரையில் தட்டும் மழையோடு மிதந்து வருகிறது. "சங்கோஜமா இருக்கணும்டா, யாரு குடுத்தாலும் முதல்ல வேணாம்னு சொல்லு, மறுபடி கேப்பாங்க" என்பாள் அம்மா. பக்கத்து வீட்டு வங்காளி மாஷி பொரித்த மீனை நீட்டியபோது, பசியோடு தலைகுனிந்து "நஹி" என்றேன். "அச்சா" என்று மாஷி தட்டைத் தன் மகனிடம் கொடுத்துவிட்டாள். அவன் முள்ளை உறிஞ்சும் சத்தத்தை எச்சில் ஊறக் கேட்டுக்கொண்டே நின்றேன்.

மறுநாள் அவள் கேட்கும் முன்பே கையை நீட்டினேன். "ஆஜ் பூக் லகா?", இன்னைக்குப் பசிக்குதா என்று சிரித்தபடி பெரிய துண்டாகப் போட்டாள்.

மூணாங்கிளாஸ் தாண்டாத நான் காண்ட்ராக்டராகி நாலு மாடி கட்டியது அன்று நீட்டிய அந்தக் கையால்தான். அம்மாதான் கடைசிவரை வங்காளி வீட்டு விருந்துகளிலிருந்து பசியோடு திரும்பினாள்.