படைக்காரர் கொண்டுபோன மணி

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து இருக்கும் மில்லிக்கனில் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் ஓர் உக்ரேன்கார அம்மா தனியாக இருக்கிறார். தக்காளிக் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டபடி, வேலிக்கு மேலால், அரைகுறை ஆங்கிலத்தில் தன் ஊர்ச் சரித்திரம் சொல்லுவார். ஆணியே அடிக்காமல் ஓக் மரங்களைப் பொருத்திக் கட்டிய தேவாலயம், அதன் மூன்று குவிமாடங்கள், பிறகு அரசாங்கம் அதைப் பூட்டித் தானியம் நிரப்பிய காலம். எல்லாவற்றையும் ஆற அமர, ஆறுதலாகச் சொல்லுகிறவர், தேவாலய மணியின் கதைக்கு வந்ததும் அவசரப்படுவார்.

"மணியைப் படைக்காரர் கொண்டுபோய்விட்டார்கள்."

நான் லேசில் எதையும் நம்புகிறவன் இல்லை. மீன்கடையில் செவுளைத் திறந்து பார்த்துத்தான் வாங்குவேன். அந்த அவசரமும் எனக்குப் பழக்கமானது. ஊரைவிட்டு இடம்பெயர்ந்தபோது, கோயிலின் எழுந்தருளி விக்கிரகத்தை என் அப்பா மண்ணில் புதைத்தார். யார் கேட்டாலும், "ஆமி கொண்டுபோட்டுது," என்பார், இதே வேகத்தில். இடம் தெரிந்தவர்கள் அவரும் நானும்தான். அப்பா இப்போது இல்லை.

ஒருநாள் கேட்டே விட்டேன். "எங்கே புதைத்தீர்கள்?"

அந்த அம்மா குழாயை மூடிவிட்டு உள்ளே போனார். அந்தக் கோடை முழுக்கப் பேச்சில்லை. என்னைக் கண்டால் யன்னல் சீலையை இழுத்துவிடுவார்.

"உங்களுக்கு ஏன் உந்த வேலை? ஆர் என்ன சொன்னாலும் சந்தேகம்," என்று மனைவி ஏசினாள்.

குளிர் தொடங்கும்போது அவராகவே வந்து எங்கள் கதவைத் தட்டினார். மறுவாரம் இதய ஆபரேஷன். ஊர்ப் பிள்ளைகள் தேவாலயத்தைத் திருத்தித் திறந்துவிட்டார்களாம். மணி இல்லாமல் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டு அடிக்கிறார்களாம்.

"அப்பா புதைத்ததை நான் பார்த்தேன். மகனிடம் சொன்னால் பேஸ்புக்கில் போடுவான், கள்ளன் முந்திவிடுவான். நான் திரும்பி வராவிட்டால் ஊர்ப் பிள்ளைகளுக்கு நீ சொல். பாதிரியார் வீட்டு பிளம் மரத்தடி."

'மரத்தடி' என்ற சொல் அதே அவசரத்தில் டக்கென்று வந்து விழுந்தது. எனக்குக் கோபம் வந்தது.

"பொய். நீங்கள் போனால் மணியும் மண்ணோடு போகும். இப்போதும் பொய்யா?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "உனக்கு எப்படித் தெரியும்? நீ எதைப் புதைத்தாய்?"

"கோயில் விக்கிரகம்."

"எங்கே?"

"கிணற்றடியில்."

அவர் சிரித்துவிட்டார். "நீயும் அவசரப்படுகிறாய். உன் பிள்ளைகளுக்குத் தெரியுமா?"

வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

அவர் எங்கள் சோபாவிலேயே இருந்து, பிக்கரிங்கில் இருக்கும் மகனுக்கு போன் எடுத்தார். அவர்கள் மொழியில் ஒவ்வொரு சொல்லாக, ஆறுதலாகச் சொன்னார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் இந்த முறை உண்மை என்று நம்பினேன்.

பின்னேரம் மகள் வேலையால் வந்தாள்.

"இஞ்ச வா பிள்ளை, ஊர்க் கோயிலைப் பற்றி ஒண்டு சொல்லவேணும்," என்றேன். "முதல் உந்தப் போனைக் கொண்டுபோய் மற்ற அறையில வைச்சிட்டு வா."