சிவப்பு ரவிக்கையில் வெள்ளைச் சாமந்தி

என் மனைவி தாரணியோடு வெளியே போய்விட்டு நேரத்துக்கு வீடு திரும்பிய ஆள் யாரும் கிடையாது. இங்கே சிங்கப்பூரில் தையல் மணி வாங்கத் தேக்கா கடைத்தெருவுக்குப் போகிறோம் என்று வையுங்கள். உட்லண்ட்ஸில் ரயில் ஏறி உட்கார்ந்ததுமே அவளுக்கு இருப்புக் கொள்ளாது. எதிர் இருக்கை மலாய்க்கார அம்மாவின் சட்டைக் கைமடிப்பில் இருக்கும் பூவேலையை எட்டி எட்டிப் பார்ப்பாள். சிராங்கூன் ரோட்டில் இறங்கினால் பழைய கடைவீடுகளின் தரை ஓடுகளைப் பார்த்துக்கொண்டே நடந்து யார்மேலாவது போய் முட்டுவாள். தோ பாயோவில் ஒரு வீட்டு இரும்புக் கதவின் வளைவு பிடித்துப்போய், வீட்டுக்காரர் வெளியே வந்து யார் வேண்டும் என்று கேட்கும்வரை நின்றாள். பார்த்ததைக் கையில் கிடைத்ததில் வரைந்துவிடுவாள். என் கைக்குட்டைகளில் பாதி இப்போது மூக்குத் துடைக்க லாயக்கில்லை.

"ஏன்டி என் மானத்த வாங்கற?" என்பேன்.

"கண்ணு எதுக்குங்க இருக்கு? பாக்கத்தானே?" என்பாள்.

கல்யாண ரவிக்கைகளுக்குப் பூவேலை செய்வது அவள் தொழில். எங்கள் ஹாலில் மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, ஆரி ஊசியால் மணியும் ஜரிகையும் வைத்துத் தைப்பாள். ஒருத்திக்குப் போட்ட டிசைனை இன்னொருத்திக்குப் போடவே மாட்டாள். அதில் அவளுக்கு ஒரு திமிர். அந்தத் திமிர் எனக்கும் பிடிக்கும், அவளிடம் சொன்னதில்லை.

போன மாதம் வர்ஷாவின் ரவிக்கை வந்தது. எதிர் அடுக்குமாடி புளோக்கில் இருக்கும் பெண், எங்கள் வீட்டில் தோசை தின்றே வளர்ந்தவள். அவள் கட்டிக்கொள்ளப் போவது ஒரு சீனப் பையனை. பையனின் அம்மா திருமதி சியா கல்யாணத்துக்குச் சரி சொல்லிவிட்டார். ஆனால் எதைக் காட்டினாலும் ஒரு புன்னகை, ஒரு 'நைஸ்', அதோடு சரி. அந்த அம்மாவுக்கு உள்ளபடியே மனம் ஒப்பியிருக்கிறதா என்று வர்ஷாவுக்குப் பிடிபடவில்லை.

"அக்கா, டீ செரிமனிக்கு, அவங்க பெரியவங்களுக்கு டீ குடுத்துக் கும்பிடறப்ப, சிவப்புப் பட்டு கட்டறேன். அவங்க ஃபேமிலி முழுக்க வருவாங்க. ஆன்ட்டிக்கு என்னைப் பிடிக்கணும்க்கா, ப்ளீஸ்," என்று தாரணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவ்வளவுதான், இவளுக்குச் சோறு தண்ணீர் மறந்துபோயிற்று. என்னையும் இழுத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினாள். எதுவும் மனசுக்குப் பிடிக்கவில்லை. ஒரு மழை நாளில் பஸ்ஸின் மேல்தட்டில் வந்துகொண்டிருந்தோம். நான் கண்ணயர்ந்த நேரம் பார்த்துத் தொடையில் ஓங்கி ஓர் அடி.

"அங்க பாருங்க, சாமந்தி!"

நான் கண்ணைத் தேய்த்துக்கொண்டு பார்ப்பதற்குள், பூ அலங்காரங்களை ஏற்றிய அந்த லாரி திரும்பிவிட்டது. "ஏதோ கடைத் திறப்புக்குப் போகுதுங்க. வெள்ளையும் மஞ்சளுமா வட்டமா, பின்னால விசிறி மாதிரி ஓலை. ஜோடனை சீனக்காரங்களோடது, பூ நம்மளோடது. வர்ஷாவுக்குன்னே வந்திருக்கு!" என்றாள். இன்னொரு கைக்குட்டை போயிற்று.

ரவிக்கையின் முதுகு முழுக்க ஒரே வட்டம். வெள்ளை முத்தும் மஞ்சள் மணியுமாக இதழ் இதழாக வைத்திருந்தாள். வர்ஷா பார்த்துவிட்டுக் குதித்தாள். அங்கேயே படம் எடுத்துத் திருமதி சியாவுக்கு அனுப்பினாள். 'வெரி நைஸ்' என்று பதில் வந்தது. சிவப்புப் பட்டில் சாமந்தியைப் பார்த்தால் நம் ஆட்களுக்குக் கல்யாண மாலைதானே ஞாபகம் வரும்? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

கொக்கி வைக்கிற வேலை மட்டும் பாக்கி. அதற்குள் எங்கள் பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் இறந்துபோனார்.

உலகத்தையே உற்றுப் பார்க்கிற தாரணி எழவு வீட்டை மட்டும் பார்க்க மாட்டாள். அவள் அம்மா வளர்த்த விதம் அப்படி. புளோக் கீழ்த்தளத்தில் துக்கக் கூடாரம் போட்டிருந்தால், குனிந்த தலை நிமிராமல் சுற்று வழியில் வீட்டுக்கு வருவாள். ஆனால் இவர் எங்களோடு ஒரு சுவரைப் பகிர்ந்துகொண்டவர், போகாமல் எப்படி இருக்க முடியும்? என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். கூடாரத்து வாசலில் தலை நிமிர்ந்தாள். வரிசையாக மலர்வளையங்கள் நின்றன. வெள்ளையும் மஞ்சளுமாக, வட்டமாக, பின்னால் விசிறி மாதிரி ஓலை.

"ஐயோ, என்னங்க," என்றாள். "சாவுப் பூவத் தச்சு வச்சிருக்கேங்க."

வீட்டுக்கு வந்ததும், "விடு. முதுக யாரு பாக்கப் போறா?" என்றேன்.

"மண்டி போட்டு டீ குடுக்கிறவளுக்கு முதுகுதாங்க தெரியும்! சுத்தி நிக்கிற சொந்தக்காரங்க எல்லாம் அதத்தான் பாப்பாங்க. அந்தப் புள்ள முதல் நாளே அவங்க முன்னால தலகுனியணுமா?"

அவள் கத்தியதில் நியாயம் இருந்தது. கல்யாணத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. வர்ஷாவுக்கு ஃபோன் போட்டாள். அந்தப் பெண் இவளைப் பேசவிட்டால்தானே! "அக்கா, ஆன்ட்டி அந்த ஃபோட்டோவ அவங்க சிஸ்டர்கிட்டகூட காட்டினாங்களாம்! ஃபர்ஸ்ட் டைம்க்கா!" என்று ஒரே சந்தோஷம். தாரணி விஷயத்தைச் சொல்லாமலே ஃபோனை வைத்துவிட்டாள்.

பிறகு ஆரம்பித்தது புலம்பல். அந்தம்மா நைஸ் என்று சொன்னார்களே, ஒருவேளை அவர்களுக்கு அது தப்பாகத் தெரியவில்லையோ? இல்லை, படத்தில் சரியாக விழவில்லையோ? உட்கார்ந்தாள், எழுந்தாள், தேநீர் போட்டுக் குடிக்காமல் ஆறவிட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என் உசுர ஏன் எடுக்கற? அந்தம்மாகிட்டயே போய்க் கேட்டுத் தொலையேன்!" என்று கத்தினேன். பேச்சுக்குச் சொன்னதுதான். திரும்பிப் பார்த்தால், ரவிக்கையைப் பையில் போட்டுக்கொண்டு வாசலில் செருப்பு மாட்டுகிறாள்.

திருமதி சியாவின் வீடு புக்கிட் பாஞ்சாங்கில். நிச்சயதார்த்தத் தட்டோடு முன்பே ஒரு தடவை போயிருக்கிறோம். கதவைத் திறந்தவர் திகைத்தார். அங்கே பேசியதெல்லாம் ஆங்கிலத்தில், நான் நம் பேச்சில் சொல்கிறேன்; அந்த அம்மா வாய்க்கு வாய் சேர்க்கிற சிங்கப்பூர் 'லா'வை மட்டும் அப்படியே விடுகிறேன். தாரணி உட்காரக்கூட இல்லை. ரவிக்கையின் முதுகுப் பக்கத்தை மேசைமேல் விரித்தாள்.

"ஆன்ட்டி, இது என் தப்பு. வர்ஷாவுக்கு ஒண்ணும் தெரியாது. எங்களுக்கு இது கல்யாணப் பூ. லாரியில பாத்துட்டு ஆசையாத் தச்சிட்டேன். உங்களுக்கு இது என்ன பூன்னு இப்பதான் தெரிஞ்சுது. சொல்லுங்க, பிரிச்சிடறேன்."

திருமதி சியா அந்த வட்டத்தையே பார்த்தார். பார்க்கப் பார்க்கக் கண் நிறைந்துவிட்டது.

"ஃபோட்டோ வந்த அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு லா. அப்பலேர்ந்து சோறு எறங்கல. அக்காகிட்ட காட்டி அழுதேன்."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "அப்ப ஏன் நைஸ்னு போட்டீங்க?"

"வேற என்னத்தச் சொல்ல? நான் வேணாம்னு ஒரு வார்த்த சொன்னா, அந்தப் பொண்ணு பிளவுஸ வேணாங்கறேன்னு நினைக்குமா, அவளையே வேணாங்கறேன்னு நினைக்குமா?"

தாரணி தன் ஃபோனை எடுத்தாள், வர்ஷாவை அழைத்தாள், ஸ்பீக்கரில் போட்டு அந்த அம்மா முன்னால் வைத்தாள். "இத நீங்களே சொல்லுங்க ஆன்ட்டி." அவர் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். இவள் அசையவில்லை.

"அக்கா?" என்றாள் வர்ஷா.

"அக்கா இல்ல, நான்." திருமதி சியா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "கேர்ள், அந்த பிளவுஸ் எனக்குப் பிடிக்கல லா. அந்தப் பூவ நாங்க சாவுக்கு வைப்போம். அதப் போடாத."

தாரணி என் கையை இறுக்கிப் பிடித்தாள். ஃபோனில் ஒரு விசும்பல் கேட்டது, அதோடு சேர்ந்து ஒரு சிரிப்பும்.

"அப்பாடா, ஆன்ட்டி! இத்தனை நாளா எதுக்கெடுத்தாலும் நைஸ், நைஸ். கெஸ்ட்கிட்ட பேசற மாதிரியே பேசினீங்க. இன்னைக்குத்தான் உங்க வீட்டுப் பொண்ணத் திட்டற மாதிரி திட்டியிருக்கீங்க."

"நான் திட்டல," என்று அவசரமாக ஆரம்பித்த திருமதி சியா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி, திட்டினேன். நாளைக்கு வா. என்ன பூ போடறதுன்னு உக்காந்து பேசலாம்."

தாரணி அதற்குள் பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்து முதல் இதழைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கையால் செய்ததிலேயே அதுதான் ஆக அழகான வேலை. அதைப் பிரிக்கும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.