சொக்கம்மாள் பார்த்த கால்கள்

சொக்கம்மாள் கூழ்ப்பானையை இறக்குவதற்கு முன் ஆட்களின் முகத்தைப் பார்க்கமாட்டாள், கால்களைத்தான் பார்ப்பாள். ராயபுரத்தில் எங்கள் அடுத்த வீடு. நான் பள்ளிக்கூடம் போன நாள் முதல் பி.ஏ. முடிக்கும் வரைக்கும், துறைமுக வாசலில் அவள் அப்படிப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். பதினோரு மணிக்குள் பானை காலியாகிவிடும்.

1934இல் ஒரு தேயிலைக் கம்பெனி என்னை ஒரு மாதத்துக்கு ஏஜெண்டாக வைத்துக்கொண்டது. காலணாப் பொட்டலம் வாங்கும் வாடிக்கைக்காரர் முப்பது பேரைப் பிடித்தால் வேலை நிலைக்கும். கோட்டு மாட்டிக்கொண்டு குமாஸ்தாக்களின் வீடுகளில் ஏறி இறங்கினேன். எல்லா வீட்டிலும் காப்பி. மூன்று வாரத்தில் நான்கு பேர். சொக்கம்மாள் காலிப் பானையோடு வருவதைப் பார்த்தால் வயிறு எரிந்தது. கையெழுத்துப் போடத் தெரியாதவளுக்கு மட்டும் எப்படி விற்கிறது?

ஒருநாள் அவளிடமே கேட்டேன்.

“இன்னா நைனா, பி.ஏ. வந்து கூழுக்காரிகிட்ட பாடம் கேக்குது?” என்று சிரித்தாள். “கரி ஒட்டின காலா பாத்துக்க. கப்பல் கரி சொமக்கிற பொம்பளைங்க. ஆம்பளைக்கு வூட்லேர்ந்து சோறு வந்துடும். இவளுங்களுக்கு யாரு கொண்டாருவா? இவளுங்களுக்கு ஊத்தின பொறவுதான் மத்தவனுக்கு.”

“என்னிடம் தேயிலை வாங்குவார்களா?”

“வூட்டுக்குப் போயி சோறாக்குற வரைக்கும் ஒரு வாய் சூடா எதுனா வோணாமா? அந்த கோட்டக் கழட்டிட்டு வா. மேஸ்திரின்னு பயந்துடுவாளுங்க.”

மறுநாள் கூழ் ஊற்றிக்கொண்டே, “நம்ம புள்ளதான், வாங்குங்கடி” என்றாள். வார முடிவில் முப்பத்து மூன்று பேர். நன்றி வந்திருக்க வேண்டும். அவள் சொல்லுக்காகத்தானே வாங்கினார்கள் என்ற பொறாமைதான் வந்தது. கம்பெனிக்கு எழுதிய அறிக்கையில், ‘நான் ஆராய்ந்து கண்டது’ என்று எழுதினேன். வேலை நிலைத்தது.

“கம்பெனி கடுதாசில என் பேரு போட்டியா, நைனா?” என்று கேட்டாள்.

“போட்டேன்.”

“எப்டி எழுதினே, காட்டு.”

தேயிலைப் பொட்டலத் தாளின் பின்புறத்தில் அவள் பெயரை எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள். அடுத்த மழைக்காலத்துக் காய்ச்சலில் அவள் போனபோது அந்தத் தாள் பையில் அப்படியே இருந்தது.

மாதாமாதம் கம்பெனிக்கு அறிக்கை எழுதுகிறேன். நேற்றும் ஒன்று அனுப்பினேன். அதிலும் அவள் பெயர் இல்லை.