வெல்டர் திறந்துவிட்ட ஆக்சிஜன்

எழுபதுகளில் செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில் நான் ஸ்டாஃப் நர்ஸ். ஒருநாள் மதியம் மருந்து டிராலியைத் தள்ளிக்கொண்டு போகிறேன், ஏழுமலை அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் டிராலியை அப்படியே விட்டுவிட்டு அவர் கட்டிலுக்கு ஓடினேன்.

ஏழுமலை மதுராந்தகத்தில் ரைஸ் மில் கூலி. உமித் தூசியும் பீடியும் சேர்ந்து நுரையீரலைத் தின்றுவிட்டன. படுக்க முடியாமல் உட்கார்ந்தே இரைத்துக்கொண்டிருந்த மனிதர், இப்போது முகம் சிவந்து, நெற்றி வியர்த்து, வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறார். மூச்சு எப்போதோ ஒன்று, அதுவும் மேலோடு வந்தது.

பக்கத்தில் அவர் மகன் கன்னியப்பன். லாரி பாடி கட்டும் பட்டறையில் கேஸ் வெல்டர். முகமெல்லாம் சிரிப்பு.

"சத்தம் போடாத சிஸ்டர். நைனா இப்பதான் நிம்மதியா தூங்கிகினு கீறாரு."

ஆக்சிஜன் சிலிண்டரைப் பார்த்தேன். ஃப்ளோ மீட்டர் கண்ணாடிக் குழாயில், ரெண்டு லிட்டரில் நிற்கவேண்டிய அளவு காட்டும் குண்டு உச்சியில் போய் முட்டிக்கொண்டிருந்தது. ஆக்சிஜன் நனைந்து வரும் தண்ணீர் பாட்டில் உலை மாதிரி குமிழியிட்டுக் கொதித்தது.

"யாருப்பா இதத் தொட்டது?"

"நான்தான். பட்டறைல தெனம் இதே ஆக்சிஜன் சிலிண்டரோட மாரடிக்கிறேன், எனக்குத் தெரியாதா? மனுஷன் மூச்சுக்குத் தவிக்கிறாரு, நீங்க இத்தினிக்காண்டு வுட்டுகினு கீறீங்க."

அளவைக் குறைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட ஆள் அனுப்பினேன். ஏழுமலையை உலுக்கினேன், கத்தினேன். கண் திறக்கவில்லை. டாக்டர் ஓடிவந்து முகத்தில் மாஸ்க்கை அழுத்தி காற்றை உள்ளே தள்ளும் ஆம்பு பையைப் பிசைய ஆரம்பித்தார். அவர் கை ஓய்ந்ததும் நான் பிசைந்தேன். கன்னியப்பன் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான்.

வெகுநேரம் கழித்து ஏழுமலை கண்ணைத் திறந்தார். மறுபடி இரைக்கத் தொடங்கினார். அந்த இரைப்புச் சத்தத்தைக் கேட்டு நிம்மதியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிறகு கன்னியப்பனை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். ரத்தத்தில் கரியமில வாயு ஏறினால் மூளை நம்மை மூச்சு விடச் சொல்லி விரட்டும். உன் அப்பாவுக்கு அது வருஷக்கணக்காகத் தேங்கிக்கிடக்கிறது, மூளை அதற்குப் பழகி விரட்டுவதை விட்டுவிட்டது. ஆக்சிஜன் குறைகிறதே என்ற பதற்றத்தில்தான் அவர் மூச்சு ஓடுகிறது. ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்தால் மூச்சு மந்தமாகும், கரியமில வாயு இன்னும் ஏறும், மயக்கம் தூக்கம் மாதிரியே வரும். அன்று எங்களுக்குச் சொல்லித்தந்தது இது. இன்று வேறு காரணங்களும் சேர்த்துச் சொல்கிறார்கள். அளந்து கொடுக்கவேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.

அதற்கப்புறம் எந்தச் சொந்தக்காரரிடமும் 'தொடாதே' என்று மட்டும் சொல்லிவிட்டு நான் நகர்ந்ததில்லை. தொட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுவேன். புதிதாக வேலைக்கு வரும் பெண்களும் அப்படியே செய்யட்டும்.

அன்று சாயங்காலம் மதுராந்தகம் பஸ்ஸில் ஏழுமலையின் மனைவி வந்து சேர்ந்தாள். புருஷன் தோளைத் தூக்கித் தூக்கி இரைப்பதைப் பார்த்ததும் மகனைப் பிடித்து உலுக்கினாள்.

"உங்கப்பன் இப்டி தவிக்கிறாரே, மரம் மாதிரி நின்னுகினு கீற. உனக்குத்தான் அந்த வேலை தெரியுமே, கொஞ்சம் தெறந்து வுடுடா."

அவளே சிலிண்டர் பக்கம் கையை நீட்டினாள். கன்னியப்பன் அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

"வேணாம்மா. இரைக்கட்டும். இரைக்கிற வரைக்கும்தான் நைனா நம்மளோட கீறாரு."