உயிரோடு இருந்த அப்பாவுக்கு ஏற்றிய மெழுகுவத்தி

உயிரோடு இருந்த என் அப்பாவைச் செத்துவிட்டார் என்று சொன்னவன் நான். இதைச் சபையில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்கிறேன் என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டேன், அதனால் சொல்கிறேன். என் பெயர் அந்தோணி. ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். எட்டாவதோடு படிப்பை விட்டவன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஆடி மாதம் கத்தாருக்குக் கட்டட வேலைக்குப் போனேன். தொழிலாளர் தங்கும் கேம்ப் இன்னும் தயாராகவில்லை, ரெண்டு மாதம் இங்கே இருங்கள் என்று ஒரு பழைய கட்டடத்தில் நாலாவது மாடி வீட்டில் பதினோரு பேரை விட்டார்கள். ரெண்டு அறை, ஒரு ஹால், ஒரே ஒரு குளியலறை. ஏசி பாதி நேரம் ஓடாது. யாரும் பெட்டியைப் பிரிக்கவில்லை. “ரெண்டு மாச வீட்டுக்கு எதுக்குடா துணிக்கொடி கட்டணும்?” என்பார் செல்வம் அண்ணன். அவர் குத்தாலத்துக்காரர், எங்களில் மூத்தவர்.

சமையல் முறை வைத்துச் செய்தோம். ஆளுக்கு ஒரு நாள். விடியுமுன் எழுந்து எல்லோருக்கும் மதியச் சோறு கட்ட வேண்டும். எனக்குச் சமைத்துப் பழக்கமில்லை. முதல் முறை சோறு குழைந்துபோனது. ரெண்டாம் முறை அடிப்பிடித்துவிட்டது.

“ஏண்டா, ஒங்க ஊர்ல நெல்லு வெளயுதா, கஞ்சி வெளயுதா?” என்று செல்வம் அண்ணன் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது.

மூன்றாம் முறை, அலாரம் அடித்தும் நான் எழுந்திருக்கவில்லை. அந்த வெயிலில் அத்தனை பேரும் பட்டினியாக வேலை பார்த்தார்கள். சாயங்காலம் திரும்பியதும் செல்வம் அண்ணன் என் முன்னால் வந்து நின்றார்.

“பத்து பேரு வயித்துல அடிச்சிட்டு ஒனக்கு என்னடா தூக்கம்?”

“எங்கப்பா எறந்துட்டாருண்ணே. காலைலதான் போன் வந்துச்சு.”

எப்படி அது வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. செல்வம் அண்ணன் தரையில் உட்கார்ந்து என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “தெரியாம பேசிட்டேன் தம்பி” என்று அழுதார். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ரெண்டு மாத வீடுதானே, அப்புறம் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவோம், இந்தப் பொய் யாரைத் தேடி வரப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

ஜன்னலோரக் கட்டிலை எனக்குக் கொடுத்தார்கள். சமையல் முறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கூடத் தங்கியிருந்த ஜாபர் பாய் தொழுகையில் அப்பாவுக்காக துஆ செய்தார். செல்வம் அண்ணன் என்னோடு சேர்ந்து பதினாறு நாள் கவிச்சி தொடவில்லை. என் போனில் இருந்த அப்பா படத்தைக் கடையில் பிரிண்ட் போட்டு வந்து ஃப்ரிட்ஜில் ஒட்டி, தினமும் அவர் கையாலேயே அதன் முன்னால் மெழுகுவத்தி ஏற்றினார். அது கீழே எரிந்துகொண்டிருக்கும்போது நான் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து அப்பாவோடு பேசுவேன்.

“சாப்டியா அய்யா? யாரு சமைக்கிறா?”

“கூட இருக்கறவங்கதாம்ப்பா. நல்லா பாத்துக்குறாங்க.”

“அவங்களுக்காகவும் செபம் பண்ணுறேன்யா.”

அதைக் கேட்டும் நான் திருந்தவில்லை.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, லீவு நாள். காலையில் தங்கச்சி ஸ்டெல்லா கூப்பிட்டாள். வரப்பு வெட்டப் போன இடத்தில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கிறார். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. “நீ வருவியாண்ணே? நாளைக்கு சாயந்தரம் வரைக்கும் வச்சிருக்கலாங்குறாங்க” என்று அழுதாள்.

குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டேன். அழும் சத்தம் வெளியே கேட்கக் கூடாதே. எந்த முகத்தோடு லீவு கேட்பது? முன்பு சூப்பர்வைசர் அவராகவே ஊருக்குப் போகிறாயா என்று கேட்டபோது, அடக்கம் முடிந்துவிட்டது என்று சொன்னவன் நான். அதைவிடப் பெரிய பயம் ஒன்று. என் வாய்தான் அப்பாவைக் கொன்றுவிட்டது.

ஈரத் தரையில் முழங்கால் போட்டேன். “மாதாவே, அப்பாவ எழுப்பிக் குடுங்கன்னு கேக்க எனக்கு மூஞ்சி இல்ல. அவரு முகத்த ஒரே ஒரு தடவ பாக்கணும். இந்தக் கதவத் தெறந்து உண்மையச் சொல்லத் தெம்பு குடுங்கம்மா. ஒங்க மகன்கிட்ட எனக்காகக் கேளுங்க.” இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

கதவு தட்டப்பட்டது. “உள்ளயே குடி போயிட்டியாப்பா? ஜும்மாவுக்கு நேரமாவுது!” என்றார் ஜாபர் பாய்.

திறந்தேன். ஹாலில் எல்லோரும் இருந்தார்கள். “முன்ன சொன்னது பொய். எங்கப்பா இன்னக்கித்தான் எறந்தாரு” என்றேன். சொல்லிவிட்டேன். அந்தத் தெம்பு என்னுடையது இல்லை.

செல்வம் அண்ணன் ஃப்ரிட்ஜைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “உசுரோட இருந்த மனுசனுக்கு என்னய மெழுகுவத்தி கொளுத்த வச்சிட்டியேடா, பாவி!” என்றார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “இதயும் நம்பச் சொல்றியா?” என்று என் போனைப் பிடுங்கி ஸ்டெல்லாவைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் ஒப்பாரியும் கோயில் மணியும் கேட்டது. அவர் முகம் மாறிவிட்டது.

“தங்கச்சி, ஒங்கண்ணன் கூட இருக்கறவன் பேசுறேம்மா. அப்பாவ எடுத்துறாதீங்க. இவன ஏத்தி விடுறது என் பொறுப்பு.”

அப்போதே என்னை இழுத்துக்கொண்டு மேனேஜர் வீட்டுக்குப் போனார். வழியில், என் வாயால்தான் அப்பா போய்விட்டார் என்று புலம்பினேன். “ஒன் வாய்க்கு அவ்ளோ சக்தி இருந்தா மொதல்ல அந்த ஏசிய ஓடச் சொல்லு. பேசாம வாடா” என்று திட்டினார். அந்தத் திட்டில்தான் எனக்கு மூச்சு வந்தது.

மேனேஜர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். “இவனுக்கு எத்தனை அப்பா?”

“ஒருத்தருதான் சார். அன்னக்கிச் செத்தது இவன் புத்தி. இன்னக்கித்தான் அப்பா.”

அன்று ராத்திரியே விமானம் ஏறினேன். மறுநாள் மத்தியானம் வீட்டில் இருந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் அப்பா. குளிப்பாட்டியும் நகக்கண்ணில் சேறு போகவில்லை. மூடியைத் திறக்கச் சொல்லி, அவர் காதில் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சாயங்காலம் அடக்கம் செய்தோம்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து திரும்பிப் போனபோது அந்த வீட்டைக் காலி செய்து கேம்புக்கு மாறியிருந்தார்கள். செல்வம் அண்ணன் இன்னும் என்னோடு முன்போலப் பேசுவதில்லை. கேட்டால் பதில் சொல்வார், அவ்வளவுதான். அது எனக்கு வேண்டியதுதான். இப்போது சின்னப் பொய் சொல்லக்கூட என் நாக்கு எழும்புவதில்லை.

உங்களில் யாராவது, செய்த தப்புக்கு அப்புறம் எந்த யோக்கியதையில் செபம் பண்ணுவது என்று தள்ளி நின்றால், நிற்காதீர்கள். சுத்தமான பிறகு போகலாம் என்று காத்திருந்தால் என் அப்பாவை நான் பார்த்திருக்க மாட்டேன். பொய் சொன்ன அதே வாயால்தான் கேட்டேன். மாதா என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. என் அப்பாவின் முகத்தை எனக்குக் காட்டினார்.